பாலக்காடு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை அம்மாவுக்கு: மகள் படித்த படிப்பும் அவள் வெறுக்கும் திரையும்

அன்புள்ள அம்மா,

சென்ற சனிக்கிழமை மகளின் வேலை பற்றி ஆலோசனை கேட்க என்னிடம் வந்திருந்தபோது, அவள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டீர்கள். "நாலு வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேலைக்குப் போன எட்டே மாதத்தில் இனி அதன் முன்னால் உட்கார மாட்டேன் என்கிறாளே, கட்டிய பணமெல்லாம் வீண்தானா?" அவள் திரும்பி வந்துவிட்டதால் நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

வீண் இல்லை. ஆனால் அவளுக்கு எது பிடிக்கவில்லை என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். கண் எரிச்சலோ கழுத்துவலியோதான் காரணம் என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருப்பேன். அவள் என்னிடம் சொன்னது வேறு: "நான் எழுதியதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று எட்டு மாதத்தில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை." இது சோம்பேறிப் பெண்ணின் பேச்சு அல்ல, அம்மா. தன் வேலையின் பலனைக் கண்ணால் பார்க்க விரும்பும் பெண்ணின் பேச்சு.

அவளுக்கு நான் முதலில் சொல்வது ரயில்வே சிக்னல் பிரிவு. டெக்னீஷியன் கிரேடு 1 சிக்னல் பணிக்கு 2024 அறிவிப்பில் கணினி அறிவியல் பட்டதாரிகளும் தகுதி பெற்றிருந்தார்கள். அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தண்டவாளத்தை மாற்றிவிடும் பாயின்ட் மெஷின், ரயிலின் சக்கரங்களை எண்ணும் கருவி, ஒரே தடத்தில் இரண்டு வண்டிகளை விடாமல் காக்கும் இன்டர்லாக்கிங், இவற்றைப் பராமரிப்பதுதான் வேலை. அந்த இன்டர்லாக்கிங் இன்று பல நிலையங்களில் கணினியால் இயங்குகிறது. அவள் படித்த தர்க்கமெல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் கோளாறு வந்தால் மழையிலும் நடுராத்திரியிலும் பாதையில் இறங்கி நடக்க வேண்டும். அதை அவளிடம் மறைக்காதீர்கள். நிறப்பார்வைச் சோதனையும் உண்டு. ஆகவே படிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே கண் மருத்துவரிடம் அழைத்துப் போய்விடுங்கள். தேர்வில் ஜெயித்து மருத்துவச் சோதனையில் திரும்பி வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

அடுத்தது, பஸ்ஸில் போய்வரக்கூடிய கஞ்சிக்கோடும் கோயம்புத்தூரும். ஆலைகளில் இயந்திரங்களை ஓட்டும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு நிரல் எழுதி, நேரில் நின்று ஓட்டிக் காட்டும் வேலை அங்கே இருக்கிறது. அந்த நிரல் ஏணிப் படிகளைப் போல வரையப்படுவதால் லேடர் என்பார்கள். 'இந்தச் சென்சார் சொன்னால் அந்த வால்வைத் திற' என்பதுதான் அதன் சாரம். டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் ஒழுங்காகப் படித்தவளுக்குப் புரியாமல் போகாது. ஆனால் எலெக்ட்ரிகல் படித்தவர்களையே முதலில் கூப்பிடுவார்கள், ஆரம்பச் சம்பளமும் அவள் விட்டுவந்ததைவிடக் குறைவாக இருக்கலாம். 'வேலை உறுதி' என்று பலகை வைத்துப் பெரிய தொகை கேட்கும் பயிற்சி நிலையத்தில் மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள்.

கோயம்புத்தூர் ரயிலில் போகும்போது வாளையார் தாண்டியதும் ஜன்னல் வழியாக அவளைப் பார்க்கச் சொல்லுங்கள். யானைகள் தண்டவாளத்தில் அடிபடாமல் இருக்க, தமிழ்நாடு வனத்துறை 2024இல் மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்களில் கேமராக்களை வைத்தது. யானை நெருங்கினால் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்து எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட கேமராவில் தூசி படிந்தாலும் கேபிள் அறுந்தாலும் யாராவது காட்டுக்குள் போய்த்தானே ஆக வேண்டும்? களப்பராமரிப்பு என்று அவளுக்குச் சொன்னபோது முகம் மாறவில்லை. யானைக் கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆசிரியர் வேலையும் நல்லதுதான், ஆனால் பி.எட். இன்னும் இரண்டு வருடம். கற்பிப்பதில் ஆசை இருந்தால் மட்டும் போகட்டும்.

நீங்கள் கேட்ட கேரள பி.எஸ்.சி., அதாவது கேரள அரசு வேலைக்கான தேர்வு பற்றி: தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்றே கிளார்க் பணியிடங்கள் வருவது உண்மை. நம் எல்லைப் பிள்ளைகளுக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் கேரள அரசு அலுவலகங்களில் கோப்புகள் கணினிக்கு மாறிவிட்டன. எந்தத் திரையிலிருந்து ஓடிவந்தாளோ, அங்கேயே திரும்பவும் உட்கார வேண்டியிருக்கும். உங்கள் நிம்மதிக்காக அவளை அங்கே தள்ளிவிடாதீர்கள். அவள் மலையாளம் சரளமாகப் பேசுகிறாள், எழுதத்தான் தடுமாறுகிறாள். தினமும் அரைமணி நேரம் மலையாளப் பத்திரிகையைப் பார்த்து எழுதட்டும். எல்லையின் இந்தப் பக்கம் எந்த வேலைக்குப் போனாலும் அது கைகொடுக்கும்.

கல்விக்கடன் தவணை நெருங்குவதால்தான் உங்களுக்கு இத்தனை பதற்றம் என்று புரிகிறது. தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக் கிளைக்கு நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். தவறிய பிறகு போனால் பேச்சே வேறாகிவிடும்.

அடுத்த சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கண் மருத்துவர் கொடுத்த சீட்டும் கையில் இருக்கட்டும்.