நாலரை லட்சம் கட்டுவதற்கு முன்னால் ட்ரான்ஸ்கிரிப்டை எடுங்கள்

கேள்வி: எனக்கு ஊர் கோவில்பட்டி. 2023-ல் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்தேன். ஒரு தனியார் ஆர்த்தோ கிளினிக்கில் 14 ஆயிரம் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கான என்.பி.டி.இ. தேர்வு எழுத ஆசை. பேப்பர் வேலை, கோச்சிங், முந்தைய தேர்வுகளில் வந்த கேள்விகள் எல்லாம் சேர்த்து நாலரை லட்சம், எட்டு மாதத்தில் தேர்வு எழுதிவிடலாம் என்று சென்னையில் ஒரு கன்சல்டன்சியில் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா? வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படிக்கலாமா? முதல் தடவை சும்மா எழுதிப் பார், பேட்டர்ன் பிடிபட்டுவிடும் என்று சீனியர் அக்கா சொல்கிறார். அது சரியா?

பதில்: பணம் கட்ட வேண்டாம், வேலையை விட வேண்டாம், சும்மா எழுதிப் பார்க்கவே வேண்டாம். கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் தவறினால் திரும்பச் சரிசெய்ய வழி கிடையாது.

இந்தத் தேர்வை நடத்துவது எஃப்.எஸ்.பி.பி.டி. என்ற அமைப்பு, அமெரிக்க மாநிலங்களின் பிசியோதெரபி போர்டுகள் சேர்ந்த கூட்டமைப்பு. மதிப்பெண் 200-லிருந்து 800 வரை, 600 எடுத்தால் பாஸ். 12 மாதத்துக்குள் மூன்று முறைதான் எழுதலாம், ஆயுளுக்கும் மொத்தம் ஆறு முறை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது இன்னொரு விதி: 400 அல்லது அதற்குக் கீழே இரண்டு முறை வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு எழுதவே முடியாது. மிச்சம் நாலு வாய்ப்பு இருக்கிறதே என்றெல்லாம் வாதாட முடியாது, கதவு மூடியது மூடியதுதான். தயாரிப்பே இல்லாமல் பேட்டர்ன் பார்க்கப் போகிறவர்தான் 400-க்குக் கீழே விழுவார். நம் ஊர் அரியர் பழக்கத்தில், இந்தத் தடவை போனால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து அங்கே போய் உட்காரக் கூடாது. பேட்டர்ன்தான் தெரிய வேண்டும் என்றால் அதற்கென்றே எஃப்.எஸ்.பி.பி.டி. 'பீட்' என்ற மாதிரித் தேர்வை விற்கிறது. பாடத்திட்டமும் கையேடும் அவர்கள் தளத்தில் இலவசம்.

அப்புறம் அந்த 'முந்தைய தேர்வுகளில் வந்த கேள்விகள்'. இதைப் படிக்கும் எல்லோரும் தயவுசெய்து கவனியுங்கள். இந்தத் தேர்வில் வந்த கேள்வியை வெளியில் சொல்வதும், வாங்கிப் படிப்பதும், வாட்ஸ்அப் குரூப்பில் பகிர்வதும் மோசடி. தேர்வுக்கு முன் அதற்கு ஒப்புக்கொண்டு உறுதி கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறீர்கள். பிடிபட்டால் மதிப்பெண் ரத்து, தடை, வாங்கிய லைசென்ஸும் போகலாம். இது சும்மா மிரட்டல் என்று நினைத்தால் 2010-ல் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். கேள்விகள் இப்படிக் கசிந்து கைமாறுகின்றன என்று கண்டுபிடித்து, அந்த ஜூலை மாதம் இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து ஆகிய நாலு நாட்டுக் கல்லூரிகளில் படித்த அத்தனை பேருக்கும் தேர்வையே நிறுத்திவிட்டார்கள். நேர்மையாகப் படித்து, விசா வாங்கி, டிக்கெட் போட்டிருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். இந்த நாலு நாட்டுக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு தேர்வு என்றுகூடக் கொஞ்ச காலம் ஓடியது. சிலர் செய்த காரியத்துக்கு ஒரு நாட்டுப் பட்டதாரிகளையே சந்தேகப்பட்டது அநியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதற்குக் காரணமான வியாபாரத்தை இன்றும் 'ரீகால்', 'மெமரி பேஸ்டு' என்று பெயர் வைத்து நம் ஆட்களே நடத்துவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒரு கன்சல்டன்சி இதைத் தன் பேக்கேஜில் சேர்த்துச் சொல்கிறது என்றால் அந்த ஒரு வரியே போதும், எழுந்து வந்துவிடுங்கள்.

இனி பேப்பர் வேலை. தேர்வைவிட இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் சிக்குகிறார்கள், எட்டு மாதம் என்ற கணக்கு உடைவதும் இங்கேதான். எந்த மாநிலத்தில் லைசென்ஸ் கேட்கிறீர்களோ அந்த மாநில போர்டு உங்களைத் தகுதியானவர் என்று சொன்னால்தான் தேர்வு எழுத அனுமதி. அதற்கு உங்கள் பி.பி.டி. அமெரிக்கப் படிப்புக்கு ஈடா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்புகள் அந்த ஒப்பீட்டைச் செய்கின்றன. ஒப்பிடும் அளவுகோல் காலத்துக்குக் காலம் மாறுகிறது. 2017-ல் வந்த ஆறாவது பதிப்பு அமெரிக்காவின் டி.பி.டி. என்ற பிசியோதெரபி முனைவர் பட்டத்தை அளவாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் சீனியர் பல வருடம் முன்னால் போனவர் என்றால் அவருக்குப் பழைய பதிப்பில் பார்த்திருப்பார்கள், 'என் பி.பி.டி.யை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்' என்று அவர் சொல்வது அவர் வரைக்கும் உண்மை. நீங்கள் 2023. எந்தப் பதிப்பைக் கேட்பது என்று முடிவு செய்வது அந்தந்த மாநில போர்டு, ஆகவே முதலில் மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள், போர்டின் தளத்தில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பக்கத்தை நீங்களே வாசியுங்கள். புரியவில்லை என்றால் போர்டுக்கு நேராக மின்னஞ்சல் போடுங்கள், அதற்குக் காசு கிடையாது.

ஒப்பீட்டில் சில பாடம் குறைகிறது என்று வந்தால் பதற வேண்டாம். பொதுப் பாடங்களில் குறைவதைக் கிளெப் என்ற அமெரிக்கக் கல்லூரி அளவுத் தேர்வு எழுதி ஈடுகட்ட முடியும். இங்கேதான் அடுத்த தூண்டில் போடுவார்கள், 'ஆன்லைனில் டி.டி.பி.டி. சேர்ந்துவிடுங்கள், பெயருக்கு முன்னால் டாக்டர் வரும், லைசென்ஸ் உறுதி' என்று. டி.டி.பி.டி. என்பது ஏற்கெனவே பிசியோதெரபி படித்தவர்கள் டி.பி.டி.க்கு மாறுவதற்கான படிப்பு, லைசென்ஸுக்கு அந்தப் பட்டம் எல்லோருக்கும் கட்டாயம் கிடையாது. குறை என்ன என்று அறிக்கை கைக்கு வரும் முன்பே பட்டத்தில் சேராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது பல்கலைக்கழகத்தின் ட்ரான்ஸ்கிரிப்ட். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் கிளினிக்கல் என்று அதில் இருக்க வேண்டும், கூடவே நீங்கள் படித்த வருடத்து சிலபஸ். நம் பல்கலைக்கழகங்களில் இதை வாங்குவதற்குள் ஆளை அலைக்கழித்து விடுகிறார்கள். கிண்டியில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நடை, கல்லூரிக்கு ஒரு நடை, கையெழுத்துப் போடும் பிரின்சிபல் லீவு, பழைய சிலபஸ் அலுவலகத்தில் இல்லை. இத்தனை வருடமாக இத்தனை பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள், இந்த ஒரு காகிதத்தை அலையாமல் இரண்டு வாரத்தில் வீட்டுக்கே வரும்படி செய்ய யாருக்கும் தோன்றவில்லையா? ஏஜென்டுகள் வாங்கும் பணத்தில் பாதி இந்த அலைச்சலுக்குத்தான். அலைச்சலை நீங்களே செய்துகொள்ளலாம்.

பெயரையும் இப்போதே பாருங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், ஆதாரில் வேறொரு மாதிரி. தேர்வு மையத்தில் பதிவு செய்த பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள்.

கன்சல்டன்சிக்காரர் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்: இந்தத் தேர்வு இந்தியாவில் நடப்பதில்லை. அமெரிக்காவுக்குப் போய் அங்குள்ள ப்ரோமெட்ரிக் மையத்தில்தான் எழுத வேண்டும், அதுவும் வருடத்துக்கு நாலே முறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் அந்த நாலரை லட்சத்துக்குள் வருமா என்று கேட்டுப் பாருங்கள். அடுத்து, பாஸ் செய்தாலே அமெரிக்காவில் வேலை கிடைத்துவிடும் என்று பலர் நினைப்பது. பிசியோதெரபிஸ்டுகள் நர்ஸ்களோடு சேர்ந்து ஷெட்யூல் ஏ என்ற, ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களின் பட்டியலில் இருப்பது உண்மை, அதனால் கிரீன் கார்டில் ஒரு படி குறையும். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பத்து வருடத்துக்கும் மேலாகத் தேங்கி நிற்கிறது, அந்த வரிசையைப் பட்டியல் குறைக்காது. ஹெச்-1பி என்ற வேலை விசா குலுக்கலாக இருந்தது போதாதென்று, 2025 செப்டம்பர் அறிவிப்பில் வெளிநாட்டில் இருப்பவருக்குப் புதிதாக விண்ணப்பித்தால் ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றும் வைத்தார்கள். எந்தக் கிளினிக் உங்களுக்காக அதைக் கட்டும்? ஆகவே உங்களைப் போல இங்கிருந்து தனியாகப் போக நினைப்பவருக்கு இன்றைய நிலையில் இந்தத் தேர்வு நீண்ட காலத் திட்டம், இரண்டு வருடத்தில் பலன் தரும் முதலீடு என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள்.

இதற்கு ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கல்யாணம் முடிந்து கணவரின் விசாவில் அமெரிக்கா போகும் பி.பி.டி. பெண்கள் தமிழ்நாட்டில் ஏராளம், உங்களுக்கும் நாளை அப்படி அமையலாம். அவர்களுக்கு ஸ்பான்சர் தேட வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகலாம், விசாவைப் பொறுத்தது. கம்பெனியே இடமாற்றி அனுப்பும் எல்-1 விசாக்காரரின் மனைவி எல்-2-வில் போனால் அந்த அந்தஸ்தே வேலை அனுமதி. ஹெச்-1பி விசாக்காரரின் மனைவிக்கான ஹெச்-4 என்றால் கணவருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) அங்கீகாரம் கிடைத்த பிறகுதான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும், அதுவரை தேர்வு எழுதலாம், லைசென்ஸும் வாங்க முடியும், சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. சில மாநிலங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடாது, வேலை அனுமதி இல்லாத ஹெச்-4-க்கு அந்த எண் கிடைக்காது, ஆகவே அது கேட்காத மாநிலமாகப் பார்க்க வேண்டும். இவர்களில் பலர் அங்கே போய் இறங்கிய பிறகு ட்ரான்ஸ்கிரிப்டுக்காக அம்மா அப்பாவைக் கல்லூரிக்கு அலைய விடுகிறார்கள். கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும்போதே காகிதங்களை எடுத்து வைத்துவிட்டால், போன கையோடு தேர்வுக்குத் தயாராகலாம். இவர்களுக்கு இந்தத் தேர்வு நிச்சயம் எழுதத் தகுந்தது, தயங்கவே வேண்டாம்.

சரி, படிப்புக்கு வருவோம். 2024 ஜனவரியிலிருந்து 225 கேள்விகள், ஐந்து மணி நேரம். அதில் 45 கேள்விகள் சோதனைக்காக வைப்பவை, மதிப்பெண் கிடையாது, எவை என்று தெரியாது. எலும்பு-தசை அதிகம், அடுத்து நரம்பியல், அதற்கடுத்து இதயம்-நுரையீரல். நம் பிள்ளைகள் அனாடமியில் தோற்பதில்லை. 'முதலில் என்ன செய்வீர்கள்' என்று கேட்டால் தடுமாறுகிறார்கள்.

தண்டுவடம் மார்புப் பகுதியின் நாலாவது மட்டத்தில் (டி-4) அடிபட்ட ஒருவர், உடற்பயிற்சி நடுவில் தலை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது என்கிறார், முகம் சிவந்து வியர்க்கிறது, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. பார்த்தவுடன் படுக்க வைக்கத் தோன்றும், அது ஆபத்து. உட்கார வைக்க வேண்டும், பிறகு சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, உடை இறுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, முட்டி மாற்று அறுவை முடிந்த ஐந்தாம் நாள் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது. மசாஜும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம், ரத்தக்கட்டி என்று சந்தேகப்பட்டு உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நாடித்துடிப்பைக் குறைக்கும் மருந்தான அட்டெனோலால் சாப்பிடும் நோயாளிக்கு நாடித்துடிப்பை வைத்துப் பயிற்சியின் அளவைத் தீர்மானிக்க முடியாது, எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று அவரையே போர்க் அளவில் (சிரமத்தை எண்ணால் சொல்லும் அளவுகோல்) சொல்ல வைக்க வேண்டும். இந்த மூன்றும் உங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் நாலரை வருடத்தில் ஒருவரும் உங்களிடம் இப்படிக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், 'ஷார்ட் நோட்ஸ் எழுதுக' என்றுதான் கேட்டிருப்பார்கள். புண் பராமரிப்பு, நிணநீர் வீக்கம், ரத்தப் பரிசோதனை எண்கள், மருந்துகளின் விளைவு, இந்தப் பகுதிகள் நமக்குப் பலவீனம், முதலில் இவற்றைத் தொடங்குங்கள்.

வேலையை விட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். முழு நேரம் அறையில் உட்கார்ந்து படிப்பவருக்கு இந்த 'முதலில் என்ன' என்பது மனப்பாடமாகவே நிற்கும், வார்டில் பார்த்தவருக்கு மறக்காது. ஆனால் இப்போதைய கிளினிக்கிலேயே இருங்கள் என்று சொல்லவில்லை. நாளெல்லாம் ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட் என்று வலி குறைக்கும் மெஷின்களை மாட்டிவிடுவதுதான் வேலை என்றால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் ஐ.சி.யூ., பக்கவாதம், தண்டுவடக் காயம் பார்க்கிற மருத்துவமனைக்கு மாறுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையம், சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் சில மாதம் இருக்க வழி கிடைத்தால்கூடப் போதும். தினமும் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன், ஏன் இந்தச் சிகிச்சை என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள். ஆங்கிலத் திறன் தேர்வான டோஃபலுக்கும் அது உதவும்.

இரண்டு நாள் சனி-ஞாயிறு சர்டிபிகேட் கோர்ஸ்களில் பணத்தைக் கொட்டாதீர்கள். கப்பிங், டேப்பிங், ட்ரை நீடிலிங் என்று ஹோட்டல் ஹாலில் நூறு பேரை உட்கார வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். லைசென்ஸுக்கு அவற்றில் ஒன்றுகூட உதவாது. முதல் இரண்டு வருடம் உங்களைத் திருத்தக்கூடிய ஒரு சீனியருக்குப் பக்கத்தில் நின்று நோயாளியைப் பரிசோதிக்கப் பழகுங்கள், கோர்ஸ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரமே ட்ரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பம் போடுங்கள், சிலபஸில் கல்லூரி முத்திரையும் வாங்கிவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை எந்தக் கன்சல்டன்சி கையிலும் கொடுக்காதீர்கள், 'சரிபார்க்கத்தான், நாளைக்குத் தருகிறோம்' என்றாலும் கொடுக்காதீர்கள். அவர்கள் திரும்ப அழைத்து, இந்த மாதமே கட்டினால் தள்ளுபடி என்றால், எந்த மாநிலத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள், அந்த போர்டு எந்தப் பதிப்பு ஒப்பீட்டைக் கேட்கிறது, ஒப்பீட்டில் தகுதி இல்லை என்று வந்தால் எவ்வளவு பணம் திரும்ப வரும், இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.