ஒரே மொழிதான், தம்பி

அன்புள்ள ஐயா,

இலங்கையின் கிழக்கே கல்முனையில் ஆசிரியராக இருக்கிறேன். எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியைக் கைப்பேசியில் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். யாருக்கும் சொந்தமில்லாத இப்படியொரு மொழி அரசமொழியாக இருந்திருந்தால் நம் நாட்டில் இவ்வளவு இரத்தம் சிந்தியிருக்காதே என்று தோன்றுகிறது. ஆளில்லாத மொழி என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். தொடரவா, விடவா?

*

அன்புள்ள தம்பி,

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிங்களத்தை மட்டும் அரசமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டம் செய்த கேட்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கல்முனையில் இருந்துகொண்டு இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 2019இல் உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி உண்ணாவிரதம் இருந்த தமிழர்கள் தமிழில்தான் கோஷம் போட்டார்கள். அதை எதிர்த்து உட்கார்ந்த முஸ்லிம்களும் தமிழில்தான் போட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் யாருக்குத் தேவைப்பட்டார்?

அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு முஸ்லிம் போடியாரின், அதாவது நிலக்காரரின், வயலை அப்பா செய்தார். அவரைக் காக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சூடடிக்கும் களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். நான் வாய் தவறிச் சொன்னபோது அப்பாவுக்கு முந்திப் போடியார் காக்கா அதட்டினார். அப்பாவும் சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பேச்சு ஒன்று, பயம்கூட ஒன்று. 1990 ஓகஸ்டில் காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை என்று முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட பிறகு அப்பா அந்த வயல் வட்டைப் பக்கம் போகவில்லை. காக்காவும் ஆளனுப்பவில்லை.

இதை மொழிக் கணக்கில் எழுதாதீர்கள், தம்பி. எஸ்பெராண்டோவை உருவாக்கிய சாமென்ஹோஃபே அப்படி எழுதவில்லை. ரஷ்யரும் போலந்துக்காரரும் ஜெர்மானியரும் யூதரும் முறைத்துக்கொண்டிருந்த பியாலிஸ்டோக்கில் 1859இல் பிறந்த யூதர் அவர், கண் வைத்தியர். 1887இல் முதல் நூலை வெளியிட்டபோது மொழிதான் மருந்து என்று நம்பியிருக்கலாம். 1905இல் பிரான்ஸின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியபோது ஒரு பிரார்த்தனைப் பாடல் எழுதிக்கொண்டு போனார். கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று அதன் கடைசிப் பத்தி சொன்னது. அந்தப் பத்தியை வாசிக்க வேண்டாம் என்று பிரெஞ்சு எஸ்பெராண்டோக்காரர்கள் வற்புறுத்த, விட்டுவிட்டார். இது வெறும் மொழி இயக்கம், மற்றதெல்லாம் அவரவர் சொந்த விஷயம் என்று அதே மாநாட்டில் பிரகடனமும் செய்தார்கள். என்ன கெட்டித்தனம்! அடுத்த ஆண்டே அவர் பிறந்த பியாலிஸ்டோக்கில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜெனீவாவில் கூடிய எஸ்பெராண்டோ மாநாட்டு மேடையில் அவர் அதைச் சொல்லித் துயரப்பட்டார். மதமும் இனமும் கடந்த ஒரு பொது அறத்துக்காகக் கடைசிவரை மன்றாடினார். அதைக் கேட்க அவருடைய சொந்த ஆட்களிலேயே பலருக்கு விருப்பமில்லை. இலக்கணம் மட்டும் போதும் என்றார்கள். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள்.

சரி, உங்கள் கேள்வி. தொடருங்கள். எஸ்பெராண்டோவில் செயப்படுபொருளோடு 'ன்' சேர்ப்பதில் ஆங்கிலேயர் தடுமாறுவார்கள். 'ஐ' சேர்த்துப் பழகிய உங்களுக்கு அது லேசு. அப்புறம் அந்த விடுபட்ட பத்தியைத் தேடி மூலத்திலேயே வாசியுங்கள். தமிழில் பெயர்த்து, உங்கள் பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் வாசிக்க விடுவார்களா என்று அதிபரிடம் கேட்டு எழுதுங்கள்.