கல்லறையைச் சுற்றி நடப்பவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நடைப்பயிற்சி பற்றிய உங்கள் பழைய கட்டுரையை இப்போதுதான் படித்தேன். "காலையில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான், வேறென்ன வேண்டும்?" என்று எழுதியிருந்தீர்கள். நான் சிகாகோவின் மேற்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். வருகிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். சர்க்கரை, மூட்டுவலி, எடை. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். மூன்று மாதம் கழித்து வரும்போது ஒரு மாற்றமும் இல்லை. "அது அவர்கள் கலாசாரம், உடற்பயிற்சியெல்லாம் அவர்களுக்கு வராது" என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ரா., சிகாகோ

அன்புள்ள ரா.,

முதலில் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதை எழுதும்போது என் மனதில் இருந்தது எங்கள் தெருதான். வாசலில் இறங்கினால் டீக்கடை, கோயில், தெரிந்த முகம் நாலு. பிறகு மகள் வீட்டில் தங்க டெக்சாஸ் போனேன். அபார்ட்மென்ட் கேட்டைத் தாண்டினால் ஆறு வழிச் சாலை. நடைபாதை நூறு அடி போய் ஒரு புல் மேட்டில் சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துவிடும். கார் நிறுத்தும் இடத்தையே சுற்றிச் சுற்றி நடந்தேன். மூன்றாம் நாள் காவலாளி வந்து யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

இப்போது உங்கள் நண்பர்கள் சொல்லும் கலாசாரம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 முதல் 2020 வரையிலான கணக்கெடுப்பை வைத்து ஒரு புள்ளிவிவரம் வெளியிட்டது. வேலை நேரம் போக வேறு எந்த உடலசைவும் இல்லாதவர்கள் ஹிஸ்பானிக் மக்களில், அதாவது மெக்சிகோ போன்ற ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வழிவந்தவர்களில், சுமார் 32 சதவீதம், வெள்ளையரில் சுமார் 23. உங்கள் நண்பர்கள் மேற்கோள் காட்டுவது இந்த மாதிரி எண்களைத்தான். ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வியைக் கொஞ்சம் பாருங்கள். கடந்த ஒரு மாதத்தில், உங்கள் வழக்கமான வேலை தவிர, ஓட்டம், கோல்ஃப், தோட்டவேலை, நடைப்பயிற்சி என்று ஏதாவது செய்தீர்களா? இதுதான் கேள்வி. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுப் புல்லை வெட்டிச் சுமந்து குப்பை லாரியில் ஏற்றுகிற மெக்சிகோக்காரர் "இல்லை" என்பார். அது அவர் வழக்கமான வேலை. ஞாயிற்றுக்கிழமை ரோஜாச்செடியில் நாலு கிளையை நறுக்கிய வீட்டுக்காரர் "ஆம்" என்பார். இருவரும் ஒரே புல்வெளியில்தான் நிற்கிறார்கள்.

உடனே, உழைக்கிற உடம்புக்குப் பயிற்சி எதற்கு என்று நான் சொல்ல வருவதாக நினைக்க வேண்டாம். கூலிக்குச் செய்யும் கடும் உழைப்பு, விருப்பத்துக்கு நடப்பது தரும் நன்மையை இதயத்துக்குத் தருவதில்லை என்று டென்மார்க்கில் இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மணிக்கணக்கில் நீளும், நடுவில் ஓய்வு கிடையாது, ரத்த அழுத்தம் இறங்க அவகாசமே இல்லை. ஆகவே உங்கள் நோயாளிக்கு நடை தேவைதான். எங்கே நடப்பது?

நியூயார்க்கின் பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோ என்று நான்கு ஊர்களில் 2008 முதல் 2011 வரை 16,000க்கும் மேற்பட்ட லத்தீனோக்களை (ஹிஸ்பானிக் மக்களுக்கு இன்னொரு பெயர்) சேர்த்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். வாயால் கேட்டதோடு விடாமல் இடுப்பில் அசைவுமானி கட்டியும் அளந்தார்கள். போர்ட்டோ ரிக்கோ வழிவந்தவர்கள் அதிகம் அசைந்தார்கள், கியூபா வழிவந்தவர்கள் குறைவாக. இரண்டும் ஸ்பானிஷ் பேசும் கரீபியன் தீவுகள்தான், உணவும் பாட்டும்கூட அதிகம் விலகியவை அல்ல. ஆனால் அந்த ஆய்வில் கியூபாக்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் மயாமிவாசிகள், கார் இல்லாமல் பால் பாக்கெட்கூட வாங்க முடியாத ஊர். போர்ட்டோ ரிக்கோக்காரர்களில் நிறையப் பேர் பிராங்க்ஸ்வாசிகள். அங்கே சப்வே ரயில் ஏறுவதற்கே நாலு தெரு நடந்து படியேற வேண்டும். வயது, வேலை எல்லாம் இதில் கலந்திருக்கும், தெரு மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் "லத்தீனோ கலாசாரம்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட முடியாது.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் பாயில் ஹைட்ஸ். மெக்சிகோ வழிவந்தவர்கள் நிறைந்த பகுதி. 1960 வாக்கில் ஃப்ரீவே என்னும் அதிவேக நெடுஞ்சாலைகள் நாலா பக்கமும் வந்து அதன் தலைமேல் முடிச்சுப்போட்டன. ஹாலன்பெக் பூங்கா என்று ஏரியோடு அழகான பழைய பூங்கா ஒன்று உண்டு. ஃப்ரீவே அதன் ஓரத்தில், ஏரிக்கு மேலேயே தூண் ஊன்றிப் போகிறது. மிச்சமிருந்த பெரிய பசுமை 1877இல் தொடங்கிய எவர்கிரீன் கல்லறைத் தோட்டம். ஜனங்கள் அதன் வேலியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். நம்மூரில் சுடுகாட்டுப் பக்கம் வாக்கிங் போகிறேன் என்றால் வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவார்கள். அவர்களுக்கு வேறு இடம் இல்லை. மரவேர் தூக்கிவிட்ட நடைபாதையில் தடுக்கித் தடுக்கி நடந்தார்கள், ஓடினார்கள். பிறகு ஒன்றாகச் சேர்ந்து நகராட்சியிடம் கேட்டார்கள். 2003இல் கல்லறையைச் சுற்றி ரப்பர் தளம் போட்ட ஓட்டப்பாதை வந்தது, ஒன்றரை மைல் நீளம். வேறு யாரும் வந்து இவர்களுக்கு உடற்பயிற்சி ஆர்வத்தை ஊட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆர்வம் முதலில் இருந்தது, பாதை பிறகுதான் வந்தது.

உங்கள் ஊரிலேயே மெக்சிகோ வழிவந்தவர்கள் வாழும் லிட்டில் வில்லேஜ் இருக்கிறது, 26வது தெருவில் சோளம் விற்கும் தள்ளுவண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே லா வில்லீட்டா பூங்கா 2014 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த இடத்தில் தார்க் கூரைப் பொருட்கள் செய்த ஆலை இருந்தது, மண்ணே நஞ்சு. அக்கம்பக்கத்துக்காரர்கள் வருடக்கணக்கில் போராடிச் சுத்தம் செய்ய வைத்தார்கள். அதே பகுதியில் 2012இல் மூடிய நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியை 2020 ஏப்ரலில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். தூசி வீடுகளின் மேல் போர்வையாக விழுந்தது. அந்தத் தெருவில் வாழும் ஒரு பெண்ணிடம் "வெளியே நல்ல காற்றில் நடங்கள்" என்று சொன்னால், சிரித்துக்கொண்டுதான் தலையாட்டுவாள்.

பூங்கா வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. உங்கள் ஊரின் 606 பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரயில் தண்டவாளத்தின் மேல் 2.7 மைல், 2015இல் திறந்தார்கள். ஹம்போல்ட் பார்க்கின் போர்ட்டோ ரிக்கோக் குடும்பங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கலாம் என்றார்கள். வேலை தொடங்கிய சில ஆண்டுகளிலேயே மேற்குப் பகுதியில் வீட்டு விலை ஏறக்குறைய பாதி ஏறிவிட்டது. வாடகைக்கு இருந்தவர்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. இதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்புறம் பயம். டெக்சாஸ் எல்லையோரக் குடியிருப்புகளில் அவிழ்த்துவிட்ட நாய்களும் விளக்கில்லாத மண் சாலையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. 2025 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் மெக்கார்தர் பூங்காவுக்குள் ஆயுதம் ஏந்திய குடியேற்ற அதிகாரிகள் வந்தார்கள், சிலர் குதிரையில். மறுநாள் காலை அங்கே வாக்கிங் போக யாருக்குக் கால் வரும்?

கலாசாரத்துக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளைக்கும் கணவனுக்கும் சமைக்க வேண்டிய நேரத்தில் தனக்காக அரை மணி நேரம் எடுப்பது சுயநலம் என்று நினைக்கும் பெண்கள் அங்கே நிறைய. ஆனால் அதே கலாசாரம் வழியும் காட்டுகிறது. சான் டியாகோவில் 16 கத்தோலிக்கத் தேவாலயங்களில் 436 லத்தீனோப் பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 'ஃபே என் ஆக்சியோன்' (செயலில் நம்பிக்கை) என்று பெயர். அதே தேவாலயத்துக்கு வரும் பெண்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, மற்றவர்களை நடக்கக் கூட்டிப்போக வைத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் அசைவு கூடியிருந்தது. தனியாகப் போனால் சுயநலம், நாலு பேரோடு கோயில் காரியம் மாதிரிப் போனால் யாரும் எதுவும் சொல்வதில்லை!

ஆகவே அடுத்த முறை "அரை மணி நேரம் நடங்கள்" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து அவர் வீட்டிலிருந்து நாலு தெருவை வரையச் சொல்லுங்கள். எந்த முனையில் நாய், எந்தப் பக்கம் நடைபாதை உடைந்திருக்கிறது, எந்தத் தெருவைத் தாண்டிப் பையனை அனுப்ப மாட்டார், பக்கத்து வீட்டில் யார் கூட வருவார் என்று அவரே குறிக்கட்டும். பத்து நிமிடம் ஆகும். உங்கள் கிளினிக்கில் ஒரு நோயாளிக்கு அவ்வளவு நேரம் தருவார்களா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.