டெட்டால் வாசனை விஸ்கியும் பாதி விலை பாட்டிலும்

கேள்வி: எனக்கு 44 வயது. ஈரோட்டில் ஜவுளித் தொழில். எப்போதாவது நண்பர்களோடு உட்கார்ந்தால் சாதாரண விஸ்கியில் செவன்-அப் ஊற்றிக் குடிப்பேன். சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் லஃப்ராய்க் 10 வருட சிங்கிள் மால்ட் ஒன்று கொடுத்து, "தண்ணி, ஐஸ் எதுவும் போடக் கூடாது, அப்படியே குடிக்கணும்" என்றார். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. டெட்டால் குடித்த மாதிரி இருந்தது. நல்ல விஸ்கி எனக்கு ஒத்துவராதா? எப்படிப் பழகுவது? தெரிந்தவர் ஒருவர் டூட்டி ஃப்ரீ பாட்டில்களைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: உங்கள் நாக்கில் கோளாறு எதுவும் இல்லை. மச்சான் கடைசிப் பாடத்தை முதல் நாளே நடத்திவிட்டார், அவ்வளவுதான்.

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி. லஃப்ராய்க் ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா என்ற தீவில் தயாராகிறது. முளைகட்டிய பார்லியைக் காயவைக்கும்போது அங்கே பீட் புகை போடுவார்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் மட்கி உண்டான மண். வெட்டிக் காயவைத்து வரட்டி மாதிரி எரிப்பார்கள். அந்தப் புகையில் இருக்கும் ஃபீனால் வகைச் சேர்மங்கள் பார்லியில் ஏறிக்கொண்டு, காய்ச்சி வடித்த பிறகும் போகாமல் தங்கிவிடும். டெட்டாலில் இருக்கும் கிருமிநாசினியும் ஃபீனால் குடும்பம்தான். ஆக, உங்கள் மூக்கு மிகச் சரியாகவே சொல்லியிருக்கிறது. இந்த வாசனைக்காகவே உயிரை விடுபவர்கள் இருக்கிறார்கள். இன்றைய மன்னர் சார்லஸ் இளவரசராக இருந்தபோது, 1994இல், இந்த ஆலைக்கு அரச முத்திரை கொடுத்தார். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வேறு எங்கோ தொடங்கி அங்கே போய்ச் சேர்ந்தவர்கள்.

அந்த பாட்டிலை மூடி, வெயில் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். ஒயின் மாதிரி படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். திறந்த பாட்டில் ஒரு வருடம் தாராளமாகத் தாங்கும். அதற்குள் நீங்கள் அதைத் தேடிப் போகும் நிலை வரலாம்; வராவிட்டால் மச்சானுக்கே ஊற்றிக் கொடுங்கள்.

தொடங்க வேண்டியது புகை இல்லாத வகையில். கிளென்லிவெட் 12, கிளென்ஃபிடிச் 12 இரண்டும் சாது. அயர்லாந்தின் ஜேம்சன் இன்னும் மென்மை. மூன்று முறை வடிப்பதால் கரடு குறைவு. நம் நாட்டிலேயே பெங்களூருவின் அம்ருத், கோவாவின் பால் ஜான் பிரில்லியன்ஸ் இருக்கின்றன. இந்த இரண்டிலும் ஆல்கஹால் 46 சதவீதம் என்பதால் தண்ணீர் கொஞ்சம் கூடக் கேட்கும்.

"தண்ணீர் கலக்கக் கூடாது" என்பது வெறும் வீம்பு. விஸ்கி ஆலைகளில் கலவையை முடிவு செய்யும் நிபுணர்கள் சரக்கின் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும் வரை தண்ணீர் விட்டுத்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத ரோஷம் நமக்கு எதற்கு? 30 மில்லி ஊற்றுங்கள். அகலமான டம்ளரை விட, வாய் குறுகிய கண்ணாடிக் குவளை நல்லது. மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். நெடி உச்சந்தலைக்கு ஏறாது. முதல் மடக்கு நாக்கை நனைக்க மட்டும். சரக்கை வாயில் ஒரு சுற்று சுற்றிவிட்டு விழுங்குங்கள். பிறகு ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டு மறுபடி பாருங்கள். எரிச்சல் அடங்கி, பின்னால் ஒளிந்திருந்த தேன், ஆப்பிள், வெனிலா மாதிரி ஏதோ ஒன்று முன்னே வரும். வராவிட்டால் இன்னொரு டீஸ்பூன். பாதிக்குப் பாதி போனாலும் குற்றமில்லை. போர்வெல் உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

தொட்டுக்கொள்ள என்ன வைத்திருந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மிக்ஸர், மாங்காய் ஊறுகாய் என்று ஊகிக்கிறேன். மிளகாய்க் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் ஆல்கஹாலும் தூண்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் வாய் முழுக்க நெருப்பு. அதில் எந்த மால்ட்டாக இருந்தாலும் ஒன்றுதான். உப்புக் கடலை, வறுத்த முந்திரி, நேந்திரங்காய் சிப்ஸ் போதும்.

ஐஸ் விஷயத்தில் விதி என்னவோ, போடாதீர்கள் என்பதுதான். குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும், நாக்கும் மரத்துப் போகும். ஆனால் இந்த விதி பிறந்த ஊரில் அறை வெப்பம் 18 டிகிரி. ஈரோட்டில் சித்திரை மாத ராத்திரி, ஃபேன் சூட்டுக் காற்றை அள்ளி வீசிக்கொண்டிருக்கும்போது, அலமாரியிலிருந்து எடுத்த விஸ்கி 33 டிகிரியில் இருக்கும். மூடியைத் திறந்ததுமே ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கில் அறையும். அந்த நேரத்தில் "ரூம் டெம்பரேச்சர்" என்று பிடிவாதம் பிடிப்பது பாவம். ஏசி அறையா, ஐஸ் வேண்டாம். ஏசி இல்லையா, பெரிய கட்டி ஒன்றே ஒன்று போட்டு, குவளை வெளியே வியர்க்கத் தொடங்கியதும் ஸ்பூனால் எடுத்துவிடுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் சட்டென்று கரைந்து எல்லாவற்றையும் கஞ்சித் தண்ணீராக்கிவிடும். வீட்டு ஃப்ரீசரில் மீனும் கறியும் பக்கத்தில் இருந்தால் ஐஸுக்கும் அந்த வாடை வரும். அதற்குப் பதில் குவளையையே கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கலாம். பாட்டிலை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். கார்காலத்தில் இந்தப் பாடு எதுவும் தேவையில்லை.

செவன்-அப்புக்கு வருவோம். பிடித்தால் குடியுங்கள், யாரும் சிரிக்க உரிமையில்லை. ஆனால் சர்க்கரை எல்லாவற்றையும் மூடிவிடும். விலை உயர்ந்த மால்ட்டை அதில் ஊற்றுவது காசை ஊற்றுவது. விட்டு வெளியே வர ஆசை இருந்தால் பாதி செவன்-அப், பாதி சோடா என்று மாற்றுங்கள். பிறகு முழுக்க சோடா. ஜப்பான்காரர்களின் ஹைபால் அதுதான்: உயரமான குவளை நிறைய ஐஸ், ஒரு பங்கு விஸ்கி, மூன்று நான்கு பங்கு குளிர்ந்த சோடா, எலுமிச்சைத் தோல் ஒரு கீற்று, ஒரே ஒரு கலக்கல். சாதாரண விஸ்கிக்குக்கூட இதில் மரியாதை வந்துவிடும். இதில் பழகிய நாக்கு, தண்ணீர் கலந்த மால்ட்டுக்குத் தானாக வந்து சேரும்.

இனி அந்தப் பாதி விலை ஆசாமி.

வேண்டாம். தெரிந்தவர், சொந்தக்காரர், ஏர்போர்ட்டில் ஆள் இருக்கிறது, எதுவாக இருந்தாலும் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருபவர் 2 லிட்டர் வரை தன் உபயோகத்துக்குக் கொண்டுவரலாம். அதை விற்பது சட்டப்படி குற்றம். மாதாமாதம் பெட்டி பெட்டியாகப் பாதி விலைக்கு ஒருவரால் எப்படித் தர முடிகிறது என்று ஒரு வியாபாரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலி பாட்டிலை டப்பாவோடு வாங்கி, உள்ளூர் மட்டச் சரக்கை நிறம் ஏற்றி நிரப்புவதுதான் இந்தத் தொழில். நம் சந்தைக்கு வரும் பல பாட்டில்களின் கழுத்தில் சின்ன பிளாஸ்டிக் அடைப்பான் இருக்கும். ஊற்றினால் வெளியே வரும், உள்ளே நிரப்புவது சிரமம். டூட்டி ஃப்ரீ மால்ட்டில் பெரும்பாலும் வெறும் கார்க். மேலே புது உறை சுருக்கி ஒட்டிவிட்டால் எனக்கே பார்த்ததும் தெரியாது. மாநில ஆயத்தீர்வை ஹாலோகிராமும் அதில் இருக்காது என்பதால் சரிபார்க்க வழியே இல்லை.

என்னிடம் சோதிக்கக் கொண்டு வருபவர்களுக்கு நான் காட்டுவது இது: உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து, காய்ந்ததும் முகர வேண்டும். நல்ல மால்ட் என்றால் தானியமும் மரமும் மணக்கும். நிரப்பிய சரக்கில் பிசுபிசுப்போடு எசன்ஸ் வாடை வரும், அல்லது ஒன்றுமே வராது. ஆனால் இதனால் தெரிவது சரக்கின் தரம் மட்டுமே. மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்திருந்தால் மூக்கோ நாக்கோ காட்டிக்கொடுக்காது. கொளுத்திப் பார்ப்பதும் சோதனை ஆகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தனால்தான். "மிலிட்டரி சரக்கு" என்று வருவதற்கும் இதே பதில்.

நிறத்தையும் பெயரில் வரும் எண்களையும் பார்த்து ஏமாறாதீர்கள். கருத்திருந்தால் பழசு என்பது பொய். ஸ்காட்ச்சுக்கே கேரமல் நிறம் சேர்க்க அனுமதி உண்டு. வாட் 69இல் இருக்கும் 69, வில்லியம் சாண்டர்சன் 1882இல் செய்து பார்த்த கலவைகளில் தேர்வான தொட்டியின் எண். 100 பைப்பர்ஸ் நூறு வயது விஸ்கி என்று அடித்துச் சொன்ன ஒரு புரோக்கரை எனக்குத் தெரியும். வயது என்பது மரப் பீப்பாய்க்குள் இருந்த காலம் மட்டும்; பாட்டிலுக்குள் வந்த பிறகு விஸ்கிக்கு வயது ஏறாது.

ஏமாற்றுக்காரனை மட்டும் திட்டி என்ன பயன்? இங்கே கரும்பு ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வடித்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தாலும் விஸ்கி என்றே விற்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு அந்தப் பெயரே வைக்க முடியாது. இதில் எத்தனை பங்கு மால்ட், எத்தனை பங்கு மொலாசஸ் என்று லேபிளில் தேடினால் கிடைக்காது. பிஸ்கட் பாக்கெட்டில் கோதுமை எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்குபவனுக்கு இதையும் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கடையிலோ கம்பி வலைக்குப் பின்னால் கை மட்டும் தெரியும். எது மென்மை, எது புகை என்று கேட்டால் பின்னால் நிற்பவர் முதுகைத் தள்ளுவார். இந்த லட்சணத்தில் ரசனை எங்கிருந்து வளரும்? இடைத்தரகன் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

அதனால் முழு பாட்டில் வாங்கும் முன், ஒரு நல்ல ஓட்டல் பாரில் 30 மில்லி கேட்டு வாங்கிப் பாருங்கள். உங்கள் கண் முன்னால் பாட்டிலிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள். ஒரு மாலையில் இரண்டு வகைக்கு மேல் வேண்டாம்; மூன்றாவதில் நாக்கு எதையும் சொல்லாது, தலைதான் பேசும். காருக்கு டிரைவர் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏதாவது மாத்திரை எடுப்பவரானால் என்னைக் கேட்க வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். பிடித்ததை எலைட் கடையில் ரசீதோடு வாங்குங்கள். காலியானதும் லேபிளைக் கிழித்து, டப்பாவை மிதித்துவிட்டு, அப்புறம் பழைய பேப்பர்காரருக்குப் போடுங்கள்.