எத்தனை பேர் செத்தால் கரும்புள்ளி?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரை நான்குவழிச் சாலை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. வீடுகள் மேற்கே. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, திருச்சி பக்கம் போகும் பஸ் நிற்குமிடம் எல்லாம் கிழக்கே. சென்டர் மீடியனில் ஒரு இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஊரே அதன் வழியாகத்தான் கடக்கிறது. இரண்டரை வருடத்தில் அந்த இடத்தில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். கடைசியாகப் போனவர் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன ஒரு அம்மா. அன்று மறியல் செய்தோம். தாசில்தார் வந்து பேசினார். மறுநாள் இரண்டு பேரிகார்டு வந்தது, அவ்வளவுதான்.

சுரங்கப்பாதை கேட்டு மனு கொடுத்தோம். “இது பிளாக் ஸ்பாட் பட்டியலில் இல்லை. பத்து பேர் இறந்திருந்தால்தான் பட்டியலில் வரும், பட்டியலில் வந்தால்தான் நிதி” என்றார்கள். இன்னும் ஏழு பேர் சாக வேண்டுமா என்று கேட்டேன். அந்த அதிகாரி பதில் சொல்லவில்லை.

என் நண்பர் வேறு மாதிரி சொல்கிறார். ஹெல்மெட் போடுவதில்லை, ராங் சைடில் வருகிறார்கள், குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள், இவர்களுக்காக ரோட்டில் கோடிகளைக் கொட்டி என்ன பயன் என்கிறார். உண்மையிலேயே நிதி இல்லையா? இதையெல்லாம் எப்படித்தான் திட்டமிடுகிறார்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஊர்ப் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் எடுத்துவிட்டு வெளியிடுகிறேன்.

உங்களிடம் சொல்லப்பட்டது பாதி விதிதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2015 இல் வகுத்த வரையறை இது: தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், கடந்த மூன்று காலண்டர் ஆண்டுகளில் பத்து பேர் இறந்திருந்தால் அது பிளாக் ஸ்பாட், நம் பத்திரிகைகள் எழுதும் கரும்புள்ளி. அல்லது, உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் அதே காலத்தில் ஐந்து நடந்திருந்தாலும் கரும்புள்ளிதான். இந்த ‘அல்லது’தான் உங்கள் காதுக்கு வந்து சேரவில்லை. மூன்று பேர் மூன்று தனித்தனி விபத்துகளில் இறந்திருந்தால், கால் முறிந்து ஆபரேஷனுக்குப் போன இரண்டு கேஸ் கிடைத்தால் போதும், உங்கள் ஊர் பட்டியலுக்குள் வந்துவிடும். இரண்டரை வருடத்தில் அந்த இடத்தில் இரண்டு பேருக்குக்கூட எலும்பு முறியவில்லை என்றால் நான் நம்பமாட்டேன்.

ஆனால் அந்த எலும்பு முறிவுகள் காகிதத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பைக்கில் மோதியவர் உள்ளூர்க்காரர் என்றால் ஆஸ்பத்திரிச் செலவைப் பேசி முடித்துக்கொள்கிறோம். ஸ்டேஷனுக்குப் போனாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு நின்றுவிடுகிறது. எஃப்ஐஆர் போட்டால்கூட, சம்பவ இடம் என்ற கட்டத்தில் ‘கூட்ரோடு அருகே’ என்று எழுதிவிடுவார்கள். கூட்ரோடு உங்கள் ஊர் இடைவெளியிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், உங்கள் விபத்து அந்த 500 மீட்டருக்கு வெளியே போய்விடும். சென்னை ஐஐடி உருவாக்கி, தேசிய தகவலியல் மையம் நடைமுறைப்படுத்தும் விபத்துத் தரவுச் செயலி இந்தக் குறையைத் தீர்க்கத்தான் வந்தது. சம்பவ இடத்தில் நின்றபடியே போலீஸ்காரர் செல்போனில் இடத்தைப் பதிய வேண்டும். 2021 இல் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்து, டீ குடித்துவிட்டுப் பதிந்தால் விபத்து ஸ்டேஷன் வாசலில் நடந்ததாகத்தான் வரைபடம் காட்டும்.

இன்னொரு சிக்கல், ‘காலண்டர் ஆண்டுகள்’. இந்த வருடம் நடந்த சாவு இந்த வருடக் கணக்கில் சேராது. ஜனவரி பிறந்த பிறகுதான் அது எண்ணிக்கைக்குள் வரும்.

இதெல்லாம் விதியைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றி. விதியே சரிதானா என்பது வேறு கேள்வி. முன்பு எங்கே விபத்து அதிகம் நடந்ததோ அங்கே முதலில் பணத்தைப் போடு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அதன் பொருள், சாலையின் குறைக்கு நாம் சாவுகளைச் சாட்சியாகக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதுதான். உங்கள் ஊர் போலவே வளைவும் இடைவெளியும் பஸ் நிறுத்தமும் அமைந்த இன்னொரு ஊர் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அங்கே இதுவரை யாரும் சாகவில்லை. அது நல்வாய்ப்பு, பாதுகாப்பு அல்ல.

தொப்பூர் கணவாயைப் பாருங்கள். பெங்களூரு பக்கமிருந்து சேலத்துக்கு இறங்கும் நீண்ட சரிவு. டீசல் மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் விட்டு இறங்குகிறார்கள். என்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறி, வளைவுக்கு வரும்போது பிரேக் பிடிக்காது. 2020 டிசம்பரில் ஒரே மோதலில் பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தருகே மறுபடியும் 4 பேர். பல நூறு கோடியில் உயர்மட்டச் சாலைத் திட்டம் இப்படிப் பல சாவுகளுக்குப் பிறகுதான் வந்தது. டிரைவர் நியூட்ரலில் விட்டது தவறுதான். ஆனால் அந்தச் சரிவு அவரை அப்படிச் செய்யத் தூண்டும் என்பதும், செய்தால் வளைவில் என்ன ஆகும் என்பதும் சாலையை வரைந்த அன்றே கணக்கிடக்கூடியவை. அதற்கு எந்தச் சாவும் தேவையில்லை.

அப்படிக் கணக்கிடும் முறை இருக்கிறது. சர்வதேச சாலை மதிப்பீட்டுத் திட்டம் என்ற அமைப்பு சாலையை நூறு நூறு மீட்டராகப் பிரித்து, ஓரத்தில் தடுப்பு உண்டா, மீடியன் எப்படி, கடக்க வசதி உண்டா, வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்று பார்த்து ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கிறது. எனக்கு இதில் பிடித்தது, காரில் போகிறவருக்கு ஒரு மதிப்பெண், பைக்கில் போகிறவருக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, நடப்பவருக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுவது. காரில் இருப்பவருக்கு மூன்று நட்சத்திரமான சாலை, அதைக் கடக்கும் பால்காரம்மாவுக்கு ஒற்றை நட்சத்திரமாக இருக்கலாம். நம் ஊரிலும் சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பின் கையேடு இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு மேற்பட்ட புதிய சாலைகளை வடிவமைப்புக் கட்டத்திலேயே தணிக்கை செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் உத்தரவே போட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோவையின் எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன். ஆபரேஷன் டேபிளுக்கு வந்து சேர்வதை நாள்தோறும் பார்த்தவர், எங்கிருந்து வருகிறது என்று கேட்டார்.

இனி உங்கள் நண்பருக்கு. அவர் சொல்லும் எதையும் நான் மறுக்கவில்லை. ஹெல்மெட் போடாதவரைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கெடுபிடியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலக் கணக்கே இருக்கிறது. 2016 இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,218 பேர் இறந்தார்கள். 2019 இல் அது 10,525 ஆகக் குறைந்தது. நாடே பாராட்டியது. காரணம் என்று பலவற்றைச் சொன்னார்கள். ஹெல்மெட் சோதனை, 108 ஆம்புலன்ஸ், உச்ச நீதிமன்ற உத்தரவால் 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலையோரம் மூடப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள். 2022 இல் 17,884. 2023 இல் 18,347. போன இடத்துக்கே திரும்பி, அதையும் தாண்டிவிட்டது. வண்டிகள் பெருகியது ஒரு காரணம், கொரோனா ஆண்டுகள் கணக்கைக் குழப்பியதும் உண்மை. இருந்தாலும் நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். இன்ஸ்பெக்டர் மாறினால் சோதனை தளரும். கடை திரும்பத் திறக்கும். கட்டிய தடுப்பு மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கும் வேலை செய்யும்.

மும்பை–புனே விரைவுச் சாலையில் 2016 இல் 151 பேர் இறந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது பாதிக்கும் கீழே வந்தது. பாலத் தூண்களுக்கு முன் தடுப்பு, அறுபட்டுக் கிடந்த தடுப்புகளைச் சரிசெய்வது, ஆபத்தான இடங்களில் எச்சரிக்கை, கூடவே போலீஸும் ஆம்புலன்ஸும். டிரைவர்கள் அதே டிரைவர்கள்தான். சுவீடன் நாடாளுமன்றம் 1997 இல் ஏற்ற கொள்கையும் இதுதான்: மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது. அங்கே குறுகிய சாலைகளின் நடுவே கம்பிவட வேலி போட்டார்கள். நேருக்கு நேர் மோதிச் சாவது பெருமளவு நின்றது.

நிதி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் பல பைகளில். தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய அரசின் பை. மாநில நெடுஞ்சாலைக்கு மாநிலத் துறையின் பை. ஊராட்சிச் சாலைக்கு வேறு. இவற்றுக்கு மேல் சாலைப் பாதுகாப்பு நிதி என்று மாநிலத்தில் தனியாக ஒன்று. அதிலிருந்து காவல் துறை, போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் எல்லாருக்கும் பங்கு போகிறது. ஒவ்வொரு துறையும் தனக்குத் தெரிந்ததை வாங்குகிறது. போலீஸ் என்றால் பேரிகார்டு, மூச்சுச் சோதனைக் கருவி, வேகம் பார்க்கும் துப்பாக்கி. குற்றம் சொல்லவில்லை, அவர்கள் கையில் தாரும் ஜல்லியும் இல்லை. ஆனால் உங்கள் ஊர் முனையில் வேலை செய்ய வேண்டியவர் சாலைக்குப் பொறுப்பான பொறியாளர். அவருடைய பையைத் திறக்கும் சாவிதான் அந்தக் கரும்புள்ளிப் பட்டியல்.

இடித்த பிறகு செய்யும் செலவில் நாம் தாராளம்தான். இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், தொடங்கும்போது ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. மிக நல்ல திட்டம், எத்தனையோ குடும்பங்களைக் கடனிலிருந்து காத்திருக்கிறது. அதே அக்கறை இடிக்கும் முன்னே ஏன் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 இல் சேர்த்த 198ஏ பிரிவு, வடிவமைப்புத் தரத்தை மீறிச் சாலை போட்டு அதனால் சாவோ ஊனமோ ஏற்பட்டால் ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் அபராதம் என்கிறது. அதிகபட்சம் ஒரு லட்சம். கோடிகளில் டெண்டர் எடுத்தவருக்கு அது டீச்செலவு.

உங்கள் முனைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் மீடியன் நெடுக அரளி ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. எதிர்வண்டி விளக்கு கண்ணைக் கூசாமலிருக்க நட்டது. இடைவெளியின் விளிம்பு வரை அதை வளரவிட்டால், அதற்குள் நிற்கும் ஆள் வருகிற காருக்குத் தெரியமாட்டார், அவருக்கும் கார் தெரியாது. ஒரு பக்கத்து இரண்டு தடமும் ஓரத்துத் தார்ப்பட்டையும் சேர்த்து எட்டரை மீட்டர். வயதானவர் நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் கடக்க எட்டரை நொடி. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அதற்குள் இருநூற்று முப்பது மீட்டருக்கும் மேல் வந்துவிடும். அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அந்த அம்மா பிழைப்பார். பஸ் இடைவெளிக்கு நேரே நின்றால் அந்தப் பார்வையும் போயிற்று. நகைக்கடை விளம்பரம் தாங்கிய பேரிகார்டு, விளக்கில்லாத இரவில், தானே ஒரு விபத்து.

ஆகவே சுரங்கப்பாதையை மட்டும் கேட்காதீர்கள். கேளுங்கள், ஆனால் தனி மனுவாக. “சுரங்கப்பாதை திட்ட அறிக்கையில் இருக்கிறது” என்ற ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு செடியைக்கூட வெட்டாமல் வருடக்கணக்கில் ஓட்ட முடியும். முதல் மனுவில் உடனே செய்யக்கூடியவை மட்டும் இருக்கட்டும். இடைவெளிக்கு இருபுறமும் அரளியை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவது, விளக்கு, வேகத்தைக் குறைக்கும் குறுக்குப் பட்டைகள், மீடியனில் நின்று மூச்சுவிட ஒரு தடுப்புள்ள இடம், பஸ் நிறுத்தத்தைத் தள்ளி வைப்பது. வேகத்தடை கேட்க வேண்டாம், தேசிய நெடுஞ்சாலைகளில் அவற்றை அகற்றச் சொல்லி 2016 இலேயே உத்தரவு வந்துவிட்டது, அதையே காரணம் காட்டி மனுவை மூடிவிடுவார்கள். இடைவெளியை அடைத்துவிடுகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்வதற்கு முன், அடுத்த திருப்பம் எத்தனை கிலோமீட்டரில் என்று கேளுங்கள். சர்வீஸ் ரோடு இல்லாமல் அடைத்தால் ஊரே ராங் சைடில் போகும். பிறகு உங்கள் நண்பர் சொன்னது உண்மையாகிவிடும்.

மனுவை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுங்கள், நகல் நெடுஞ்சாலைத் திட்ட இயக்குநருக்கும் எஸ்பிக்கும். அந்தக் குழுவில் இந்தத் துறைகள் எல்லாம் ஒரே மேஜையில் உட்காருகின்றன, ஒருவரை ஒருவர் கைகாட்டுவது அங்கே கொஞ்சம் கடினம். முக்கியமாக, மூன்று காலண்டர் ஆண்டுக்கான எஃப்ஐஆர் பட்டியலை, கொடுங்காய வழக்குகள் உட்பட, ஸ்டேஷனிலிருந்து தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி இணையுங்கள். கால் முறிந்தவர்களின் அரசு மருத்துவமனைச் சீட்டு இருந்தால் அதையும். ‘கூட்ரோடு அருகே’ என்று எழுதப்பட்ட வழக்குகளில் எவை உங்கள் முனையில் நடந்தவை என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அவற்றை மட்டும் தனித்தாளில் கிலோமீட்டர் கல் எண்ணோடு எழுதுங்கள். பட்டியல் கிடைத்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், ஐந்து தேறுகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.