நடுவயதில் எடைக் குறைப்பு நின்றுவிட்டால் சாப்பாட்டைக் குறைப்பதா, உடற்பயிற்சியைக் கூட்டுவதா?

உங்களுக்கு 47 வயது என்றும், எட்டு கிலோ குறைந்த பிறகு மூன்று மாதங்களாக எடை அசையவே இல்லை என்றும், நாளுக்கு 1,400 கலோரி மட்டும் உண்டு ஒரு மணி நேரம் நடப்பதாகவும் எழுதி, இனிச் சாப்பாட்டைக் குறைப்பதா, நடையைக் கூட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து பார்த்து மூன்றே வாரத்தில் தோற்றவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். நான் மருத்துவனும் அல்லன், உணவியல் நிபுணனும் அல்லன்; கணக்குத் தணிக்கை என் தொழில். இந்த விஷயத்தில் எனக்கு நேர்ந்த அவமானம் கூடுதலாக உறைத்ததற்கு அந்தத் தொழிலும் ஒரு காரணம். கலோரி என்று இங்கே எழுதுவதெல்லாம் கிலோகலோரிதான். அதைத் திருத்துவதற்காக யாரும் சிரமப்பட வேண்டாம்.

எனக்கு 49 வயதானபோது, 170 சென்டிமீட்டர் உயரத்துக்கு 92 கிலோ இருந்தேன். நாளுக்கு 1,900 கலோரி என்று வரம்பு வைத்து, அரை மணி நேரம் நடந்து, ஐந்து மாதத்தில் 83 கிலோவுக்கு வந்தேன். அதன் பிறகு பதினோரு வாரங்கள் எடை அங்கேயே நின்றது. அதற்குள் நடையை ஒரு மணி நேரமாக்கியிருந்தேன், அதனாலும் பயனில்லை. உண்டதை எல்லாம் செயலியில் பதிந்து, நாள்தோறும் பச்சைக் குறி வாங்கி வைத்திருந்த நான், அந்தத் திரையை ஒரு மருத்துவரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "எழுதாமல் சாப்பிடுவது எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். பிறருடைய கணக்கில் விடுபட்டதைக் கண்டுபிடித்துச் சொல்வதையே இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிழைப்பாகக் கொண்டிருப்பவனிடம் சொல்லத்தக்க பேச்சா அது? அவர் சொன்னதில் பாதி சரி என்று பின்னால் ஒப்புக்கொள்ளப் போகிறேன். ஆனாலும், தைராய்டு சோதனைக்குக்கூட எழுதித் தராமல் ஒரு நோயாளியை இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிடுவது சரியில்லை என்ற என் எண்ணத்தில் இன்றுவரை மாற்றமில்லை.

வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லோரும் சொன்ன விளக்கம் வேறு: வயதாகிவிட்டது, இனி உடம்பு எரிக்காது. கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது, ஏனென்றால் வயதின்மேல் பழியைப் போட்டுவிட்டால் நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை. ஆனால் 2021இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்த விளக்கத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ஹைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் கனமான ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கச் செய்து, அவை உடலைவிட்டு நீங்கும் வேகத்திலிருந்து ஒருவர் செலவழிக்கும் ஆற்றலைக் கணிக்கும் முறையில், 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளை அவர்கள் தொகுத்தார்கள். உடலின் பருமனையும் தசை, கொழுப்பு விகிதத்தையும் கணக்கில் கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்கு 0.7 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. 49 வயதில் என் உடலைக் குறை சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று.

இதைப் படித்ததும் நான் எடுத்த முடிவு முட்டாள்தனமானது. வயது காரணம் இல்லையென்றால் முயற்சி போதவில்லை என்று பொருள் கொண்டு, உணவை 1,200 கலோரியாகவும் நடையை ஒன்றரை மணி நேரமாகவும் மாற்றினேன். முதல் வாரம் பெருமையாக இருந்தது. இரண்டாம் வாரத்தில், நடந்து முடித்த பிறகு நாள் முழுவதும் நாற்காலியை விட்டு எழ மனமில்லை. பக்கத்து அறையில் இருக்கும் கண்ணாடியை எடுத்து வர மகனைக் கூப்பிட்டேன். இரண்டாவது மாடிக்கு மின்தூக்கிக்காகக் காத்து நின்றேன். நடைக்கென்று மட்டும் கூடுதலாக ஏறத்தாழ 3,000 காலடிகள் வைத்தபோதும், கைபேசி காட்டிய நாள் மொத்தம் சில நூறு காலடிகள்தான் கூடியிருந்தது. மீதி எங்கே போயிற்று என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. உட்கார்வது, எழுவது, கையைக் காலை ஆட்டுவது, வீட்டுக்குள் நடமாடுவது என்று உடற்பயிற்சியில் சேராத அசைவுகளுக்கு நாம் செலவிடும் ஆற்றல் சிறியதன்று. பட்டினி போட்டால் உடல் முதலில் கைவைப்பது அதில்தான், அதுவும் நம்மைக் கேட்காமல். மூன்றாம் வாரக் கடைசியில் ஓர் இரவு சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன்; எவ்வளவு என்று எழுதவில்லை. மறுநாள் காலை எடை 1.6 கிலோ கூடியிருந்தது.

அந்த 1.6 கிலோ கொழுப்பாக இருக்க முடியாது என்பதை எண்ணித் தெளிய எனக்கு அரை நாள் ஆயிற்று. ஒரு கிலோ உடற்கொழுப்பு சேர வேண்டுமானால் செலவுக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். எவ்வளவு பசித்தவனாலும் ஒரே இரவில் அது நடக்காது. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேரும் மாவுச்சத்து, கிராம் ஒன்றுக்கு மூன்று கிராம் அளவில் நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பும் தன் பங்குக்கு நீரைத் தேக்குகிறது. இதே நீர்தான் எடை உண்மையிலேயே குறையும் வாரங்களில் அதை மறைத்தும் வைக்கிறது. இதை உணர்ந்த நாளிலிருந்து ஒரு நாள் எடையை நான் நம்புவதில்லை. தினமும் காலையில் நிறுத்து, ஏழு நாள் சராசரியை மட்டும் அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுகிறேன்.

பிறகுதான் என் தொழிலை என்மீதே செலுத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, ஐந்து மாதக் கணக்கைப் பிறருடைய பேரேட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். முதல் தவறு, 92 கிலோ ஆளுக்குப் போட்ட வரவு செலவுத் திட்டத்தை 83 கிலோ ஆள் பின்பற்றிக்கொண்டிருந்தது. ஓய்வுநிலை ஆற்றல் செலவை, அதாவது சும்மா படுத்திருந்தாலும் உடல் செலவிடுவதைக் கணிக்க 1990இல் வந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது: ஆணுக்கு, எடையைப் 10ஆலும் சென்டிமீட்டர் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, 5 சேர்க்க வேண்டும். பெண்ணுக்கு அந்த 5க்குப் பதிலாக 161ஐக் கழிக்க வேண்டும். அதன்படி என் ஓய்வுநிலைச் செலவு 1,742இலிருந்து 1,652ஆகக் குறைந்திருந்தது. உட்கார்ந்து வேலை செய்து கொஞ்சம் நடப்பவன் என்பதால் அதை 1.4ஆல் பெருக்கினால், நாள் செலவு 2,440இலிருந்து 2,310க்கு இறங்கியிருந்தது. 540 கலோரியாக இருந்த பற்றாக்குறை, நான் எதையும் மாற்றாமலேயே 410 ஆகியிருந்தது.

இரண்டாம் தவறு இதைவிட வெட்கக்கேடானது. நடையை ஒரு மணி நேரமாக்கியபோது ட்ரெட்மில் 420 கலோரி என்று காட்டியது. அதை நம்பி, நடந்த நாட்களில் 300 கலோரி கூடுதலாகச் சாப்பிட எனக்கு நானே அனுமதி கொடுத்திருந்தேன். அந்த இயந்திரம் காட்டும் எண்ணில், நான் சோபாவில் படுத்துக் கிடந்திருந்தாலும் செலவாகியிருக்கக்கூடிய ஆற்றலும் சேர்ந்திருக்கிறது. என் எடைக்கும் வேகத்துக்கும் ஒரு மணி நேர நடையின் நிகரச் செலவு 230 கலோரி அளவுதான் இருக்கும். அதிலும் முதல் அரை மணி நேரம் 1.4 என்ற பெருக்கல் எண்ணுக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. ஆக, புதிதாக வந்த வரவு 115. அதை நம்பி நான் செய்த செலவு 300. ஒரே ரசீதை இரண்டு முறை வரவு வைத்த குமாஸ்தாக்களை நான் எவ்வளவு கடுமையாகப் பேசியிருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. கைக்கடிகாரம் அணிந்தால் சரியாகத் தெரியும் என்று இங்கே யாராவது எழுதுவார்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. ஆற்றல் செலவில் மட்டும், இருப்பவற்றுள் துல்லியமானதே சராசரியாக 27 சதவீதம் பிசகியது.

இவ்வளவுக்குப் பிறகும், 410இலிருந்து இந்த 185ஐக் கழித்தால், என் ஏட்டின்படி நாளுக்கு 225 கலோரி பற்றாக்குறை மிஞ்சியிருக்க வேண்டும். மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேலாவது குறைந்திருக்க வேண்டும். அது எங்கே? சமையலறைத் தராசு ஒன்றை வாங்கி, இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தேன். ஒரு கரண்டி என்று எழுதிவந்த எண்ணெய், புட்டியை ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தபோது 14 கிராமுக்குப் பதிலாக 24 கிராம் இருந்தது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்பதால், அங்கேயே 90 போயிற்று. 100 கலோரி என்று பதிந்த ஒரு கைப்பிடி பாதாம் 32 கிராம் இருந்தது. அதாவது 185 கலோரி, எழுதியதைவிட 85 கூடுதல். வார இறுதியில் வெளியே உண்பதைக் குத்துமதிப்பாக எழுதியதில் வாரத்துக்கு 350 கலோரியாவது விட்டுப்போயிருந்தது, நாளுக்கு 50. கூட்டினால் 225. ஐந்தொகை இவ்வளவு அழகாகப் பொருந்துவதைத் தொழிலில் பார்த்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். இது தோராயம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் மருத்துவர் சொன்ன "எங்காவது" என்பது எங்கே என்று தெரிந்துவிட்டது.

என்னைப் பொய்யன் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1992இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய வளர்சிதைமாற்றத்தில் குறையேதும் இல்லை. உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். கண்ணளவு ஏமாற்றுவதைப் பொய் என்று சொல்லக் கூடாது.

நான் இப்போது செய்வது இதுதான். நிறுத்துப் பார்த்த 2,000 கலோரி. நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதே 2,000. நடையை வரவில் எழுதுவதே இல்லை. ஒன்றரை மணி நேரத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்குத் திரும்பினேன். வாரத்தில் இரண்டு நாள் நடையைக் குறைத்து எடை தூக்குகிறேன். இது தசையைக் கூட்டி எரிப்பை ஏற்றும் என்று பலர் சொல்வது மிகை, ஏனென்றால் ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்குச் செலவிடுவது சுமார் 13 கலோரிதான். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும், நம் வயதில் போன தசையைத் திரும்பப் பெறுவது கடினம் என்பதால்தான் தூக்குகிறேன். அதே காரணத்துக்காக, நாளுக்கு 60 கிராம் அளவில் இருந்த புரதத்தை, 2,000 கலோரிக்குள்ளேயே 110 கிராமுக்கு ஏற்றினேன். இது என் எடைக்குக் கிலோ ஒன்றுக்கு 1.3 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பசி அடங்கியதில் எனக்கு மிகவும் உதவியது இந்த மாற்றம்தான்.

ஆறு மாதத்தில் 4 கிலோ குறைந்தது. இடுப்பளவு 5 சென்டிமீட்டர். சூத்திரப்படி இதைவிட அதிகம் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. 1.4 என்பது என்னைப் போன்றவனுக்குத் தாராளம். எடை இறங்க இறங்க உடலும், எடைக் குறைவுக்கு உரியதைவிடச் சற்று அதிகமாகவே, தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. ஆகவே சூத்திரத்தைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, நான்கு வாரச் சராசரி எப்படி நகர்கிறதோ அதற்கேற்ப வரம்பை நூறு நூறாக மாற்றுவதே நான் கண்ட வழி.

ஹார்மோன்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் கொழுப்பு வயிற்றுப் பகுதிக்கு இடம் மாறுவதும், தூக்கம் கெட்டுப் பசி கூடுவதும் உண்மை. தைராய்டு சுரப்புக் குறைவும், ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள், சில இரத்த அழுத்த மருந்துகளும் எடையைக் கூட்டக்கூடும். இவற்றை நான் மறுக்கவில்லை. எனக்கு இவற்றில் எதுவும் இல்லாததால் அனுபவம் இல்லை, அவ்வளவே.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்பவர் என்றும், அந்த 1,400ஐக் கரண்டியாலும் கைப்பிடியாலும் அளந்தீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது எதையும் குறைக்காதீர்கள், எதையும் கூட்டாதீர்கள். 14 நாள், வார இறுதி உட்பட, எண்ணெயையும் கொட்டைகளையும் பானங்களில் சேரும் பாலையும் சர்க்கரையையும் கிராம் கணக்கில் நிறுத்து எழுதுங்கள். காலை எடையையும் குறியுங்கள். வரும் எண் 1,800 என்றால் உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது, 1,800ஐ 1,600 ஆக்கினாலே போதும். நிறுத்துப் பார்த்தும் 1,400தான் வருகிறது, அப்படியே இன்னும் ஒரு மாதம் தொடர்ந்தும் சராசரி எடை இறங்கவில்லை என்றால், அந்த ஏட்டோடு மருத்துவரிடம் போய்த் தைராய்டு சோதனையையும், நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் பார்க்கச் சொல்லுங்கள். முதலாமவர் ஏட்டைத் திறக்காவிட்டால் வேறொருவரிடம் போங்கள். நான் போகவில்லை, மூன்று வாரம் பட்டினி கிடந்தேன்.