டாக்டர் பதில்கள்: முன்சிறுகுடலில் புண் என்றால்...

வாசகர், விருதுநகர்: வயது 46. லாரி ஓட்டுகிறேன். எண்டோஸ்கோபியில், 'முன்சிறுகுடலின் முதல் பகுதி, முன்சுவரில் 8 மி.மீ. புண், அடித்தளம் சுத்தம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றரை மாதம் மாத்திரை சாப்பிட்டதும் வலி போய்விட்டது. நிறுத்தியபின் திரும்ப வந்துவிட்டது. காரத்தை அறவே விட்டு மோர் சாதத்தில்தான் காலம் தள்ளுகிறேன். வேறு என்ன செய்வது?

முன்சிறுகுடல் என்பது இரைப்பையை அடுத்துச் சிறுகுடல் தொடங்கும் இடம் (டியோடினம்). முதலில் நல்ல செய்தி. அடித்தளம் சுத்தம் என்றால், புண்ணின் தரையில் வெண்படலம் மட்டுமே தெரிகிறது. ரத்தக்குழாய் துருத்திக்கொண்டோ, உறைந்த ரத்தம் ஒட்டிக்கொண்டோ இல்லை. இன்றோ நாளையோ ரத்தம் கொட்டும் வகை அல்ல. எந்தச் சுவர் என்பதையும் கவனியுங்கள். பின்சுவர்ப் புண் ஆழமானால் அங்கே ஓடும் தமனியை அரித்துவிடும். ரத்த வாந்தி வரும், மலம் தார் போலக் கறுக்கும். முன்சுவர்ப் புண் ஆழமானால் ஓட்டை விழும். திடீரென்று தாங்க முடியாத வலி வந்து வயிறு கல்லாக இறுகினால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அறிக்கை முழுவதையும் படித்தேன். நான் தேடிய ஒரு வரி அதில் இல்லை: இந்தப் புண்ணுக்கு முதல் குற்றவாளியான எச். பைலோரி கிருமிக்கான சோதனை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982-இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். நம்ப மறுத்தவர்களுக்காக 1984-இல் மார்ஷல் அதைக் கரைத்தே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இத்தனைக்குப் பிறகும் நம் ஊரில் பழி விழுவது மிளகாய்மேல்தான்!

புண் முன்சிறுகுடலில் இருந்தாலும் கிருமியை இரைப்பையில்தான் தேட வேண்டும். அங்கே குடியிருந்துகொண்டு அமிலச் சுரப்பைக் கூட்டிவிடுகிறது. அந்த அமிலம் இறங்கிவந்து அடுத்த வீட்டைப் புண்ணாக்குகிறது. எண்டோஸ்கோபியின்போதே இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அரிசிமணியிலும் சிறிய துணுக்கு எடுத்து மஞ்சள் நிறக் களிம்பில் வைப்பார்கள். கிருமி இருந்தால் களிம்பு இளஞ்சிவப்பாக மாறும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக்கை 4 வாரமும் நிறுத்தியபின் செய்தால்தான் இந்தச் சோதனையை நம்பலாம். கிருமி இருந்தால் 14 நாள் கூட்டு மருந்து; முடித்து 4 வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் அது ஒழிந்ததா என்று பார்த்துவிட வேண்டும். இந்தக் கடைசிச் சோதனைக்குத்தான் பெரும்பாலோர் வருவதே இல்லை.

முதுகுவலிக்கு மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கும் வலி மாத்திரையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. சாப்பிடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். கிருமிக்கு அடுத்த பெரிய குற்றவாளி அதுதான். பீடி, சிகரெட் இருந்தால் புண் ஆறாது. நான் படித்த காலத்தில் இந்தப் புண்ணுக்கு வயிற்றைத் திறந்து நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துத் தைப்போம். இன்று இரண்டு வார மாத்திரையில் முடிகிற காரியத்தைப் பாதியில் விடாதீர்கள். மோர் சாதம் பிடித்தால் சாப்பிடுங்கள், மருந்தாக நினைத்து வேண்டாம்.

வாசகி, கும்பகோணம்: என் கணவரின் முன்சிறுகுடல் புண்ணில் சதை எடுத்துச் சோதிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் இரைப்பைப் புண்ணில் ஆறு இடங்களில் எடுத்தார்களாம். அலட்சியமா?

இல்லை. இரைப்பைப் புண்ணுக்குள் புற்று ஒளிந்திருக்கலாம். அதனால்தான் பல இடங்களில் எடுக்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு மறுபடி உள்ளே பார்க்கவும் வேண்டியிருக்கும். முன்சிறுகுடலின் முதல் பகுதியில் வரும் புண் புற்றாக இருப்பது மிக மிக அரிது. இரண்டாம் பகுதியில், பித்தக்குழாய் திறக்கும் இடத்தருகே புண்ணோ கட்டியோ இருந்தால் அது வேறு கதை. கட்டாயம் சதை எடுக்க வேண்டும்.

வாசகர், தேனி: தோட்ட வேலை பார்க்கும் என் அம்மாவுக்கு வயது 58. ஹீமோகுளோபின் 6. மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். எண்டோஸ்கோபியில் குடலில் புழு நெளிவதைத் திரையில் காட்டினார்கள். இப்படியும் இருக்குமா?

இருக்கும். அது கொக்கிப்புழு. சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளம்; சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். ஒரே ஒரு மலப் பரிசோதனை அதைத் தவறவிடுவது சாதாரணம். முன்சிறுகுடலின் முதல் பகுதியோடு எண்டோஸ்கோபிக் குழாயைத் திருப்பிவிட்டாலும் கண்ணில் படாமல் போகலாம்; உங்கள் டாக்டர் பொறுமையாக உள்ளே போயிருக்கிறார். ஆல்பெண்டசோல் 400 மி.கி. கொடுத்திருப்பார்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதம் தொடர வேண்டும். ஆனால் 58 வயதில் இவ்வளவு ரத்தசோகை என்றால் புழு கிடைத்ததோடு தேடலை முடித்துவிடக் கூடாது. பெருங்குடலையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். புழு வெறுங்கால் வழியாக ஏறுகிறது. அம்மாவுக்குச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். அதே மண்ணில் வேலை செய்யும் வீட்டினரும் டாக்டரைக் கேட்டுப் புழு மருந்து எடுத்துக்கொள்ளட்டும்.